பத்துக்கு ஒன்பது வாங்கிய வீடு

"உள்ள ஏதாவது விழுந்துடுச்சாங்க?"

முதுகுக்குப் பின்னால் குரல் கேட்டதும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. மீட்டர் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தவள் சடாரென்று நிமிர, தகர மூடி நெற்றியில் 'டங்'கென்று இடித்தது. மூக்குக்கண்ணாடி ஒரு காதிலிருந்து கழன்று மற்றக் காதில் ஊஞ்சலாடியது. போதாக்குறைக்கு மழை வேறு...

எதிரே ஒரு குடை. குடைக்குக் கீழே ஒருவன். கையில் காய்கறிப் பை.

"மீட்டர் ரீடிங் எடுக்க வந்தேன்" என்றாள், கொஞ்சமும் கூசாமல்.

"ஞாயித்துக்கிழமையிலயா?"

"அவசரம்னு சொன்னாங்க."

"மீட்டர் ரீடிங்... அவசரம்னு..." யோசிப்பவன் போலத் தலையாட்டினான். "சரி, எவ்வளவு ஓடியிருக்கு?"

எண்ணையா பார்த்தாள் அவள்? உள்ளே சுற்றுகிற சின்னத் தட்டை அல்லவா பார்த்துக்கொண்டிருந்தாள்!

"சுத்துது" என்றாள்.

"மீட்டர்னா சுத்தத்தானேங்க செய்யும்?"

உதடு சிரிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்கள்... மழைத்துளி ஒட்டிய இமைகளுக்குக் கீழே, நிதானமாக, அவசரமே இல்லாமல் அவளைப் பார்த்தன. 'ஐயோ, இந்தக் கண்ணுக்கு முன்னாடி எப்படிப் பொய் சொல்றது?' என்று நினைத்தாள். ஏற்கெனவே இரண்டு சொல்லியாகிவிட்டது என்பது பிறகுதான் உறைத்தது.

குடை மெல்ல நகர்ந்து அவள் தலைக்கு மேல் வந்தது. இப்போது நனைந்தது அவன் தோள்.

"ஃபிரேம் கோணிடுச்சு. அப்படியே போட்டுக்கிட்டுத் திரியாதீங்க, தலை வலிக்கும். தெருமுனையில கண்ணாடிக் கடை இருக்கில்ல, நம்ம கடைதான். வாங்க, நிமித்தித் தரேன். இடிச்சது எங்க வீட்டு மூடி, அதனால காசு வேணாம்."

எங்க வீடா! பெட்டி மூடியை அவசரமாகச் சாத்தினாள்.

"அப்போ... இந்த வீட்டுல ஆள் இருக்கா?"

"என்னைப் பாத்தா ஆளாத் தெரியலையா?"

மழையென்றும் பார்க்காமல் ஓட்டம் பிடித்தாள்.

அவள் திருட வந்தவள் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது, பாவம். ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேஜை வேலை அவளுக்கு. ஆறு வருடமாக மற்றவர்களின் பல்வலிக்கு நேரம் குறித்துக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், சனிக்கிழமை வகுப்பு ஒன்றில் சேர்ந்திருந்தாள். வீடு வாங்கி, பழுது பார்த்து, விற்கும் தொழிலுக்கான வகுப்பு. "பளபளன்னு இருக்கிற வீட்டுப் பின்னால ஓடாதீங்க. நொந்துபோன வீட்டைத் தேடுங்க. சொந்தக்காரருக்கே அலுத்துப்போன வீடு. அதுதான் முதல் தடவை வாங்குறவங்க கைக்கு எட்டும்" என்றார் வகுப்பு நடத்தியவர்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நோட்டும் கையுமாகத் தெருத்தெருவாக நடந்தாள். தபால் பெட்டி பிதுங்குகிறதா? வாசல் கேட்டின் தாழ்ப்பாளில் துரு ஏறியிருக்கிறதா? புல் முழங்காலைத் தொடுகிறதா? மழைநீர்க் குழாய் உடைந்து சுவரெல்லாம் பாசியா? மின்மீட்டர் ஓடாமல் நிற்கிறதா? ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். இப்படி மொத்தம் பத்து.

"வீடு வாங்குறது என்ன, கடையில சோப்பு வாங்குற மாதிரியா?" என்று அவளுடைய அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "இந்த வருஷம் முடியறதுக்குள்ள ஒரு வீடு வாங்கிக் காட்டலைன்னா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டாள். சொன்னபோது வருடத்தில் ஐந்து மாதம்தான் பாக்கி இருந்தது. எந்த வீடும் ஆறைத் தாண்டவில்லை. இந்த ஒன்றுதான் ஒன்பது வாங்கியது. மீட்டர் மட்டும் நின்றிருந்தால் பத்து!

வீட்டுக்கு வந்து தலையைத் துவட்டும்போதுதான் நினைவு வந்தது. நோட்டு... மீட்டர் பெட்டிக்கு மேலேயே இருக்கிறது.

மூன்று நாள் தள்ளிப்போட்டாள். நான்காம் நாள் தலைவலி தாங்கவில்லை. வேலை முடிந்ததும் கண்ணாடிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

சின்னக் கடை. மூன்று பக்கமும் ஃபிரேம்கள், நடுவில் ஒரு நாற்காலி, எதிர்ச்சுவரில் எழுத்துகள் சிறுத்துக்கொண்டே போகும் பலகை. அவன் அவளைப் பார்த்ததும் ஒன்றும் பேசாமல் மேஜை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்து வைத்தான். நனைந்து காய்ந்ததில் உப்பியிருந்தது.

"படிச்சீங்களா?"

"நனைஞ்சிருந்துச்சு. ஒவ்வொரு பக்கமாப் பிரிச்சுக் காய வைக்கும்போது கண்ணை மூடிக்கிட்டா இருக்க முடியும்?" அவள் கண்ணாடியை வாங்கி, ஃபிரேமின் காலைச் சூடுகாட்டி மெதுவாக வளைத்தான். "ஒன்பது மார்க் போட்டிருக்கீங்க. எதுல ஒண்ணு குறைஞ்சேன்?"

"நீங்க இல்லைங்க... வீடு..."

"'சொந்தக்காரர் கவனிப்பில்லாதவர், சீக்கிரம் விற்பார்'. இது வீடா?"

பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்றிருந்தது அவளுக்கு. "மன்னிச்சிடுங்க" என்றாள்.

"தலையைக் கொஞ்சம் நிமித்துங்க."

நிமிர்த்தினாள். அவன் கண்ணாடியை அவளுக்கு மாட்டிவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தான். தொழில்காரனின் தொடுகைதான். ஆனாலும் அவளுக்கு மூச்சு ஒரு தடவை தப்பியது. மங்கலாக இருந்த முகம் பளிச்சென்று தெளிந்தது... இவ்வளவு அருகில், இவ்வளவு துல்லியமாக. அந்தக் கண்களில் கோபம் இல்லை. வேறு என்னவோ இருந்தது.

"நீங்க எழுதினது சரிதாங்க" என்றான். "போன வருஷம் எங்கம்மா போயிட்டாங்க. அப்புறம் நான் பின்வாசல் வழியாத்தான் போறேன், வர்றேன். பின்னால ரெண்டு ரூம்லயே இருந்துக்கிட்டேன். முன்வாசலை ஒரு வருஷமாத் திறக்கவே இல்லைங்கறது உங்க நோட்டைப் படிச்சப்புறம்தான் எனக்கே தெரிஞ்சுது. ஊர்ல உள்ளவங்க கண்ணையெல்லாம் நான்தான் சோதிக்கிறேன், பாருங்க கூத்தை."

அவளுக்கு அழுகை வந்தது. எதற்கென்று தெரியாமல் வந்தது.

"அந்த வீட்டை விக்கத்தான் போறேன். முன்ரூம் சுவர்ல பெரிய விரிசல். பாத்த புரோக்கர் அடுத்த மழைக்காலத்துக்கு நிக்காதுன்னுட்டார். இடியும்போது நான் உள்ள இருந்துடக் கூடாதேன்னு எங்கக்காவுக்கு ஒரே பயம். யாரோ ஒருத்தருக்குக் குடுக்கிறதுக்கு, மார்க் போட்ட நீங்களே வாங்கிக்கோங்களேன், மீட்டர் மேடம்."

அப்படித்தான் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 'சும்மா இருக்க மாட்டேனா நானு' என்று தன்னையே திட்டிக்கொண்டு, அவளும் அவனுக்கு 'கண்ணாடி' என்று பெயர் வைத்தாள். மனதுக்குள் மட்டும்.

அதன் பிறகு சனிக்கிழமை மாலைகளில் அந்த வீட்டுக்குப் போனாள். அளவு எடுக்க ஒரு நாள், பத்திரத்தைப் பார்க்க ஒரு நாள், மறந்துபோன அளவை மறுபடி எடுக்க ஒரு நாள். உண்மையைச் சொன்னால் அவள் எதையும் மறக்கவில்லை.

"சமையலறை எத்தனை அடி?" என்பாள், டேப்பின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு.

"போன வாரம் இருந்த அதே அடிதான், மேடம். வளர்ற வயசு தாண்டிடுச்சு" என்பான் மறுமுனையிலிருந்து.

தேநீர் போட்டுக் கொடுப்பான். சர்க்கரை எப்போதும் தூக்கலாக இருக்கும். அவள் மருத்துவமனைக் கதைகளைச் சொல்வாள். நல்ல பல்லைக் காட்டி இதைப் பிடுங்கு என்று அடம்பிடிப்பவர்கள், ஊசியைப் பார்த்ததும் கழிப்பறைக்குப் போய்த் திரும்பியே வராதவர்கள்... அவன் தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிப்பான். பிறகு திடீரென்று அமைதியாகிவிடுவான்.

ஒரு மாலை அப்படி அமைதியானபோது அவனே சொன்னான்: "அம்மாவுக்கு உடம்பு முடியலைன்னு நான் ரொம்ப லேட்டாத்தான் கவனிச்சேன். அதே மாதிரிதான் இந்த விரிசலும். எப்போ வந்துச்சுன்னே தெரியாது. பீரோவை நகத்தினா, இருக்கு. கொஞ்சம் முன்னாடியே பாத்திருந்தா..."

"உங்க மேல தப்பு இல்லைங்க" என்றாள்.

"வேற யாரு இருந்தா வீட்டுல?"

அவள் ஆறிப்போன தேநீரை எடுத்துப்போய்ச் சூடுபண்ணிக் கொண்டுவந்தாள்.

ஒரு வியாழக்கிழமை காலை, வேலைக்குப் போகும் முன், கட்டட வேலை செய்யும் தன் மாமாவை அழைத்து வந்தாள். ஒப்பந்தம் எழுதுவதற்கு முன்பு மேஸ்திரி ஒருவர் பார்க்க வேண்டும் என்பது வகுப்பில் சொல்லிக் கொடுத்தது. மாமா ஊரையே கூட்டுகிற குரல்காரர். ஆனால் சுவருக்கு முன்னால் நின்றால் வாயே திறக்க மாட்டார். பீரோவை நகர்த்தினார்கள். விரிசல் நேராக மேலே ஏறி, குறுக்கே ஓடி, மறுபக்கம் நேராக இறங்கியிருந்தது. மாமா விரல் முட்டியால் தட்டிக்கொண்டே போனார். சுவர் நேராக நிற்கிறதா என்று தூக்குக்குண்டு கட்டிப் பார்த்தார். வெளியே போய் அஸ்திவாரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்தார். கண்ணாடிக்காரன் தேநீர் போட உள்ளே போனதும் அவள் காதருகே குனிந்தார்.

"இது விரிசலே இல்லைம்மா. இந்த இடத்துல ஒரு ஜன்னல் இருந்திருக்கு. எப்பவோ செங்கல் வெச்சு அடைச்சுப் பூசியிருக்காங்க. பழைய சுவரும் புதுச் செங்கலும் சேராம, மேல் பூச்சு மட்டும் ஜன்னல் அளவுக்கு விட்டுக்கொடுத்திருக்கு. அஸ்திவாரம் கல்லு மாதிரி இருக்கு. இன்னும் அறுபது வருஷத்துக்கு அசையாது."

அவள் சட்டென்று சமையலறைப் பக்கம் திரும்பினாள்.

"வாயைத் திறக்காத" என்றார் மாமா. "இடியப்போற வீட்டு விலைக்குத்தானே பேசியிருக்கீங்க? முடிச்சிடு. உங்கண்ணன் மூஞ்சியில கரியைப் பூசலாம்."

அவன் தேநீரோடு வந்தான். "என்னங்க சொல்றாரு? ரொம்ப மோசமா?"

சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு வாக்கியம். அவன் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மருத்துவரின் வாயைப் பார்க்கும் நோயாளிகளை அவள் தினமும் பார்க்கிறாள்... அந்தப் பார்வை.

"பாத்துட்டு... சொல்றேன்னாரு" என்றாள்.

அன்று இரண்டு தடவை தவறான நோயாளியை உள்ளே அனுப்பினாள். மறுநாள் மூன்று தடவை. 'அவர் கேட்ட விலை, நான் ஒத்துக்கிட்ட விலை. இதுல என்ன தப்பு?' என்று ஒரு மனது வக்கீல் மாதிரி வாதாடியது. 'தன் கவனக்குறைவாலதான் வீடு சாகுதுன்னு ஒருத்தர் நம்பிக்கிட்டிருக்காரு. இல்லைன்னு தெரிஞ்சும் நீ வாயை மூடிக்கிட்டிருக்க' என்றது இன்னொரு மனது. சனிக்கிழமை அந்த வீட்டுப் பக்கமே போகவில்லை.

திங்கட்கிழமை அந்த வீட்டிலேயே ஒப்பந்தம் எழுதுவதாக ஏற்பாடு. வெளியூரிலிருந்து அவன் அக்கா வந்திருந்தாள். தம்பியின் கன்னத்தைப் பிடித்து "இளைச்சுட்டடா" என்று சொல்லிவிட்டு, அவளை ஏற இறங்கப் பார்த்து, "நீதானா அந்த மீட்டர் பொண்ணு?" என்றாள். அவன் காது சிவந்தது.

மேஜைமேல் தாள் விரிந்தது. பேனாவை அவன் எடுத்தான். முதல் எழுத்தைப் போடுவதற்குத் தாளில் வைத்தான்.

"போடாதீங்க!"

மூன்று பேருமே திடுக்கிட்டார்கள், அவளையும் சேர்த்து.

"இந்த விலைக்கு விக்காதீங்க. விக்கவே வேணாம். வீடு இடியாது. நல்லா இருக்கு. அங்க ஒரு ஜன்னல் இருந்திருக்கு, அடைச்சிருக்காங்க. அந்த ஓரம்தான் வெடிச்சிருக்கு. வெறும் பூச்சு. வேற ஒண்ணுமே இல்லை."

அக்கா எழுந்து பீரோவுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். அப்புறம் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

"அட, இதுவாடா உன் விரிசல்? 'சுவர்ல விரிசல், சுவர்ல விரிசல்'னு போன்ல சொன்னியே, எந்தச் சுவர்னு சொன்னியா? உனக்கு அப்போ மூணு வயசு. கம்பி இல்லாத ஜன்னல், நீ ஏறிக் குதிச்சுத் தெருவுக்கு ஓடிடுவ. ரெண்டு தடவை வண்டிக்காரங்க தூக்கிட்டு வந்து விட்டாங்க. அம்மாதான் பயந்துபோய் ஆளைக் கூப்பிட்டு அடைச்சாங்க. செங்கல் எடுத்துக் குடுத்ததே நான்தான்!"

அவன் சுவரருகே போனான். விரிசலின் மேல் உள்ளங்கையை வைத்தான். தோள்கள் லேசாகக் குலுங்கின. அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

திரும்பியபோது அவன் முகம் வேறாக இருந்தது.

"இது உங்களுக்கு எப்போ தெரியும்?"

"வியாழக்கிழமை."

"இன்னிக்கு திங்கள்." மெதுவாகத்தான் சொன்னான். "நாலு நாள். அதுக்கு முன்னாடி உக்காந்து உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன். அம்மாவைப் பத்திக்கூட. நாலு நாள் என்னை அப்படியே விட்டுட்டீங்க, இல்லையா?"

அவள் வாயைத் திறந்தாள். 'நான் ஏன் சொல்லலைன்னா...' என்று தொடங்க வேண்டியதுதான். ஆனால் அவனுடைய அக்கா நிற்கிறாள், கையெழுத்தாகாத தாள் கிடக்கிறது, அவளுக்கென்று ஒரு மானம் இருக்கிறது. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னாள். பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவன் கூப்பிடுவான் என்று கேட் வரைக்கும் எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை.

வீட்டில் அண்ணன் கேட்டான். "கைவிட்டுப் போச்சு" என்றாள். அவள் முகத்தைப் பார்த்த அண்ணன் சிரிக்கவில்லை. அது இன்னும் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை மறுபடி நோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாள். கண்ணாடிக் கடைத் தெருவை விட்டுவிட்டு மற்ற எல்லாத் தெருவையும் பார்த்தாள். ஏழு மதிப்பெண்ணில் ஒரு வீடு கிடைத்தது. மகிழ்ச்சி வரவில்லை. மருத்துவமனையில் போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினாள். ஒவ்வொரு தடவையும் யாருக்காவது பல்வலியாகத்தான் இருந்தது.

பதினாறு நாள் ஓடின. பதினேழாம் நாள் மாலை, மருத்துவமனைக் கூடத்தில் நான்கு பேர் காத்திருந்தார்கள். குனிந்து எழுதிக்கொண்டிருந்தவள் மேஜைமேல் நிழல் விழவும், நிமிராமலேயே "என்ன தொந்தரவு?" என்றாள்.

"பேச்சு வர மாட்டேங்குது."

பேனா நின்றது. நெஞ்சும்தான் நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அதே கண்கள்... தூக்கம் கெட்டுச் சிவந்திருந்தன.

"அதுக்கு வேற டாக்டரைப் பாக்கணும்" என்றாள், முகத்தை இறுக்கிக்கொண்டு.

"நான் டாக்டரைப் பாக்க வரலை."

வீங்கிய கன்னத்தை ஒரு கையால் தாங்கிக்கொண்டிருந்த ஓர் அம்மா, வாரப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு இந்தப் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"நாலு நாள் என்கிட்ட மறைச்சீங்கன்னு கோவப்பட்டேன்" என்றான் அவன். "நியாயமான கோவம்தான்னு நினைச்சேன். அப்புறம் யோசிச்சுப் பாத்தா, நான் ரெண்டு மாசமா உங்ககிட்ட ஒண்ணை மறைச்சிட்டு இருக்கேன்."

"என்ன... மறைச்சீங்க?"

"உங்களைப் பிடிச்சிருக்குங்கறதை. முதல் நாளே பிடிச்சிடுச்சு. 'சுத்துது'ன்னு சொன்னீங்களே, அப்பவே. அந்த வீட்டை உங்களுக்கு விக்கிறேன்னு சொன்னதுகூட, வேற யாருக்காவது வித்தா நீங்க வர மாட்டீங்களேன்னுதான்."

அவளுக்குக் கண்ணாடி மங்கியது. கழற்றித் துடைக்கக் கை வரவில்லை.

"அன்னிக்கு நீங்க ஒண்ணு கேக்கவே இல்லை" என்றாள். "நான் ஏன் நாலு நாள் சொல்லலைன்னு."

"வீடு கைவிட்டுப் போயிடும்னு. தெரிஞ்சதுதானே."

"முதல் நாள் அதுக்குத்தான். அதுல பொய் சொல்ல மாட்டேன். அந்த வீடு எனக்கு அவ்வளவு வேணும்னு இருந்துச்சு. ஆனா மிச்ச மூணு நாள்..."

"மிச்ச மூணு நாள்?"

அவள் ஒரு தடவை கூடத்தைப் பார்த்தாள். நான்கு நோயாளிகளும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார்கள். 'போகட்டும், கேக்கட்டும்' என்று தோன்றியது. மானம் பார்த்து வாய்மூடி இருந்து கண்டது என்ன?

"சொல்லிட்டா நீங்க விக்க மாட்டீங்க. விக்கலைன்னா எனக்கு அங்க என்ன வேலை? எதை அளக்கிறேன்னு சொல்லி வர்றது? உங்களைப் பாக்க எனக்கு வேற எந்தச் சாக்கும் இல்லைங்க. அந்தச் சாக்கை விட்டுட மனசு வரலை. அதனாலதான் வாயைத் திறக்கலை... போதுமா?"

உள்ளே மருத்துவர் மணியை அடித்தார். அடுத்த முறை வீங்கிய கன்னத்து அம்மாவுடையது. அந்த அம்மா அசையவில்லை. "நீங்க பேசி முடிங்கம்மா... எனக்கு அவ்வளவா வலிக்கலை" என்றாள்.

அவன் மேஜைமேல் கையை நீட்டினான்.

"சாக்கு இல்லாமலே வாங்க" என்றான்.

அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுதுகொண்டே சிரித்தாள்.

"அஞ்சரைக்கு வேலை முடியுது" என்றாள். "இருந்து கூட்டிட்டுப் போங்க."